நான் பார்க்காத பைத்தியப் பசு

எனக்கு அடி முதல் நுனி வரை தெரிந்த மாட்டு நோய் ஒன்றே ஒன்றுதான். அதை நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. நான் நிஜமாகவே பார்த்த கோமாரி, மடிவீக்கம், வயிற்று உப்புசம் இவற்றைப் பற்றியெல்லாம் யாரும் என்னிடம் கேட்பதில்லை. பணி ஓய்வு பெற்று, ஆய்க்குடியில் முருகன் உண்டு, வீடு உண்டு என்று இருக்கிறவனை இப்போது வேலையில் இருக்கும் பிள்ளைகள் போனில் கூப்பிட்டு, “அண்ணாச்சி, அந்த மேட் கவ் கதையை எழுதிக் குடுங்க, சங்க மலர்ல போடணும்” என்கிறார்கள்.

காரணம், வாட்ஸப்பில் சுற்றும் ஒரு வீடியோ. மாடு ஒன்று சிமென்ட் தரையில் வழுக்கி வழுக்கி விழுகிறது. பின்னால் சோகமான வயலின். கீழே, ‘பைத்தியப் பசு நோய் நம் ஊருக்குள் வந்துவிட்டது, பால் குடிக்காதீர்கள், எல்லோருக்கும் அனுப்புங்கள்’. எனக்கு அனுப்பியவர் ஒரு கால்நடை ஆய்வாளர். இதற்கென்றே சம்பளம் வாங்குகிறவர். எனவே எழுதுகிறேன்.

என்னைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பத்தாம் வகுப்பு பாஸ், அதுவும் கணக்குப் பரீட்சையில் முருகன் கடைசி நேரத்தில் கை கொடுத்ததால். வேலை ஆர்டரில் கால்நடைப் பராமரிப்பு உதவியாளர் என்று போட்டிருந்தது. டாக்டர் ஊசி போடும்போது மாட்டைப் பிடித்துக்கொள்கிறவன் என்று அர்த்தம். பயிற்சிக் காலத்தில் கட்டுப் போட, மருந்து கலக்க, கழுவ, பெருக்கக் கற்றுக்கொடுத்தார்கள். எந்த மாடு எப்போது உதைக்கும் என்பதை மாடுகளே கற்றுக்கொடுத்தன. ஊருக்கு நான் ‘மாட்டாஸ்பத்திரி அண்ணாச்சி’. கல்யாணப் பந்தியில் பக்கத்தில் உட்காருகிறவர், இலையில் சாம்பார் விழும் நேரம் பார்த்துத்தான் தன் எருமைக்குச் சாணம் இளகிப் போவதை விவரிக்க ஆரம்பிப்பார்.

தென்காசி வட்டாரத்தில் நான் பல டாக்டர்களிடம் வேலை பார்த்தேன். சொல்ல வேண்டியவர் கிரேஸ் டாக்டரம்மா. பாளையங்கோட்டைப் பக்கம். காலையில் நான் நெற்றி நிறைய விபூதியோடு ஆஸ்பத்திரி வாசல் தெளிப்பேன். அவர் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டுக் கண்ணை மூடி ஜெபம் செய்துவிட்டு இறங்குவார். இரண்டு பக்கமும் சொல்லி வைத்திருந்ததாலோ என்னவோ, எங்கள் இருவருக்கும் எலும்பு முறிகிற மாதிரி உதை விழவில்லை.

அவர் மாட்டைப் பார்க்கிற விதமே வேறு. வந்ததும் தொட மாட்டார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, கொஞ்சம் தள்ளி நின்று, பேசாமல் பார்ப்பார். மாடு நிற்பதைப் பார்ப்பார், காது அசைவதைப் பார்ப்பார், நடக்கவிட்டுப் பார்ப்பார். மாட்டுக்காரருக்குப் பொறுமை போய்விடும். ராயகிரியில் ஒருவர் என் காதில், “என்னவே, அந்தம்மா ஊசி போட வந்தாவளா, பொண்ணு பாக்க வந்தாவளா?” என்று கேட்டே விட்டார். பார்த்து முடித்த பிறகு கேள்விகள் வரும். எப்ப இருந்து இப்படி? என்ன தின்னுச்சு? வாய்க்குள்ள யாராவது கையை விட்டியளா? கடைசிக் கேள்விக்கு நம் ஊரில் எப்போதும் ஒரே பதில்தான். விட்டிருப்பார்கள். மாடு வாயில் நுரை தள்ளினால் தொண்டையில் ஏதோ மாட்டியிருக்கிறது என்று தோள் வரைக்கும் கையை விட்டுத் துழாவுவது இங்கே முதலுதவி. வெறிநாய் கடித்த மாடாக இருந்தால் அது அந்த ஆளுக்கே கடைசி உதவி.

ஒரு சமயம் மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. பைத்தியப் பசு நோயின் அறிகுறிகளைக் களப் பணியாளர்கள் எல்லோரும் தெரிந்திருக்க வேண்டுமாம். தென்காசியில் ஒரு மண்டபத்தில் பயிற்சி. வந்தவர் இங்கிலீஷில் பேசினார். நாங்கள் தமிழில் தூங்கினோம். நடுவில் ஒரு வெளிநாட்டு வீடியோ போட்டார்கள். கறுப்பும் வெள்ளையுமாய் ஒரு பெரிய பசு, காலைத் தூக்கித் தூக்கி வைத்துத் தள்ளாடியது. பிறகு வடையும் டீயும் வந்தன. வடை நன்றாக இருந்தது.

மறுநாள் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மாதான் அதைப் புரிகிற மாதிரி சொன்னார். “அண்ணாச்சி, இது கிருமி இல்ல. மூளையில இருக்கிற ஒரு புரதம் தப்பா மடிஞ்சு போகுது. பீரோவுல ஒரு சேலையத் தப்பா மடிச்சு வச்சா, பக்கத்துச் சேலையெல்லாம் அதப் பாத்துத் தானா தப்பா மடிஞ்சுக்கிடுதுன்னு வைங்க. கடைசில மூளை பஞ்சு மாதிரி ஓட்டை ஓட்டையா ஆயிரும்.”

“எப்படி டாக்டரம்மா வருது?”

“வெளிநாட்டுல செத்த மாட்டோட எலும்பையும் மாமிசத்தையும் அரைச்சு, மாட்டுக்கே தீவனத்துல கலந்து போட்டாங்க. அதுல வந்தது.”

பசுவுக்குப் பசுவையே தின்னக் கொடுத்தார்களா என்று காதைப் பொத்திக்கொண்டேன். நம் ஊரில் பசு தெய்வம். அது சினிமா போஸ்டரையும் பிளாஸ்டிக் பையையும் தவிர வேறு எதையும் தின்னும்படி நாம் விடுவதில்லை.

அறிகுறிகளையும் அவர் அப்படியே கண் முன்னால் நிறுத்தினார். சாதுவாக இருந்த பசு கொஞ்சம் கொஞ்சமாகப் பயந்த சுபாவமாக மாறும். தலையைத் தொட்டால் வெடுக்கென்று இழுத்துக்கொள்ளும். வாளி கீழே விழுந்தால் தூக்கிவாரிப் போடும். தினமும் போய்வந்த தொழுவத்து வாசலில், ஓடைப் பாலத்தில், நுழைய மாட்டேன் என்று நிற்கும். பழகிய கை கறந்தாலும் உதைக்கும். மூக்கை ஓயாமல் நக்கும். பின்னங்கால் வீச்சு தப்பி ஆடும், எழுந்திருக்கச் சிரமப்படும். நன்றாகத் தின்னும், ஆனாலும் இளைக்கும், பால் வற்றும். எல்லாம் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் நடக்கும். குணமாகாது.

“நம்ம நாட்டுல இதுவரைக்கும் கண்டதில்ல. கண்டதில்லங்கறதுக்காக நாம பாக்காம இருந்துறக் கூடாது. சந்தேகமான மாடு செத்துப்போனா, தலைய எடுத்து மூளைத் தண்டுலேருந்து துண்டு வெட்டி ஆய்வுக்கு அனுப்பணும். உயிரோட இருக்கும்போது உறுதி பண்ண வழியில்ல.”

“தலைய யாரு டாக்டரம்மா எடுக்கது?” என்று கேட்டேன்.

அவர் என்னைப் பார்த்தார். அங்கே வேறு யாரும் இல்லை.

அன்றிலிருந்து நான் ஒவ்வொரு மாட்டையும் அந்தக் கண்ணோடுதான் பார்த்தேன். ‘வரக் கூடாது முருகா’ என்று வேண்டிக்கொண்டே தேடுவது ஒரு தனிக் கலை. டிவியிலும் ஏதோ காட்டிவிட்டார்கள் போல, போன் வர ஆரம்பித்தது. ராயகிரியிலிருந்து ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் கூப்பிட்டார். மாடு தொழுவத்துக்குள் போக மாட்டேன் என்கிறது, போனாலும் கால் பரத்திக்கொண்டு நடுங்குகிறது, எல்லா அறிகுறியும் இருக்கிறது, உடனே வாருங்கள் என்றார். போனோம். தொழுவத்துக்குப் பளபளவென்று டைல்ஸ் போட்டிருந்தார். முகம் பார்த்துத் தலை சீவலாம். டாக்டரம்மா உள்ளே கால் வைத்தார். அவருக்கும் அதே அறிகுறி வந்தது. நான் பிடித்துக்கொண்டேன்.

இனி குற்றாலம்.

சீசன் நேரம். சாரல் விழுந்துகொண்டே இருந்தது. ஒரு லாட்ஜ் மேனேஜர் போன் செய்து, “சார், எங்க தெருவுல மேட் கவ். கன்ஃபார்ம். நான் நெட்ல பாத்துட்டேன்” என்றார். கன்ஃபார்ம் ஆன பிறகு எங்களை எதற்குக் கூப்பிடுகிறார் என்று தெரியவில்லை. போனோம்.

மாடு எண்ணெய்க் குளியல் தொழிலாளி கணபதியுடையது. அருவிக்கரையில் வருகிறவர்களுக்கெல்லாம் எண்ணெய் தேய்த்து உருவிவிடுகிறவர். அவர் மனைவி பேச்சியம்மாள் அந்தப் பசுவின் பாலை டீக்கடைக்கும் லாட்ஜுக்கும் ஊற்றித்தான் வீட்டை நடத்தினாள். பசுவுக்குக் குற்றாலத்து அம்மன் பெயர், குழல்வாய்மொழி. கூப்பிடுவது குழலி. கோயிலுக்குப் போகிற வழியில் ஒரு கொட்டகையில் கட்டியிருந்தார்கள்.

நாங்கள் போனபோது தெருவே கூடியிருந்தது. டீக்கடையில் ‘பாக்கெட் பால் மட்டும்’ என்று புதிதாக அட்டை தொங்கியது. குழலி சுவரில் நெற்றியை முட்டி அழுத்திக்கொண்டு நின்றது. உடம்பு வெடவெடவென்று நடுங்கியது. யாரோ குடையை விரித்த சத்தத்துக்குத் துள்ளி, கால் பின்னி, விழுந்து எழுந்தது. கயிற்றைப் பிடித்து வெளியே நடத்தினால், கொட்டகைக்கு முன்னால் இருந்த சின்ன ஓடையைத் தாண்ட மாட்டேன் என்று நின்றது. கறக்கப் போன பேச்சிக்கு உதை விழுந்து கணுக்கால் வீங்கியிருந்தது. படித்த பாடம் வரி தப்பாமல் முன்னால் நிற்கிறது.

மேனேஜர் குரலைத் தாழ்த்தி, “டாக்டர், வாரக் கடைசியில கூட்டம் வருது. அதுக்குள்ள ஊசி போட்டு முடிச்சிருங்க. லாரி நான் ஏற்பாடு பண்ணுதேன்” என்றார். மனிதாபிமானம் உள்ளவர்.

பேச்சி அவர் பக்கம் திரும்பவேயில்லை. நேரே என்னிடம் வந்தாள்.

“அண்ணாச்சி, தலைய வெட்டி எடுத்துட்டுப் போவாவளாமே, நெசமா?”

நான் டாக்டரம்மாவைத் திரும்பிப் பார்த்தேன்.

“நீங்கதான் வெட்டுவியளாம்லா. செத்தா மஞ்சத் தேச்சுக் குளிப்பாட்டி, என் கல்யாணச் சேலையப் போத்திப் பொதைக்கணும்னு வச்சிருக்கேன். தலையில்லாம எங்கன கொண்டு பொதைக்க? நெத்தியில திருநீறப் பூசிக்கிட்டே வெட்டுவியளோ?”

சட்டைப் பையில் இருந்த விபூதிப் பொட்டலத்தைத் தொட்டுக்கொண்டேன். கணபதி, “ஏட்டி, அவர என்னத்துக்குப் பேசுத? அவரு மேலாவுல சொல்லுதத செய்யுதவரு” என்று எனக்காகப் பரிந்து பேசினார். அது இன்னும் வலித்தது.

டாக்டரம்மா இதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் நின்றார், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, சாரலில் நனைந்துகொண்டு. மேனேஜர் குடை பிடிக்க வந்தார். வேண்டாம் என்று தலையசைத்தார். வெகு நேரம் பார்த்தார். பிறகு பேச்சியிடம் கேட்டார்.

“எப்ப இருந்தும்மா?”

“முந்தாநா சாயங்காலம் வரைக்கும் நல்லாத்தான் இருந்தா. நேத்துக் காலைல இப்படி.”

“அதுக்கு முன்னால பயந்தாளா, எளைச்சாளா?”

“எளைக்கவா? நல்லாப் பெருத்துல்லா போனா.”

டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார். “அண்ணாச்சி, நாம தேடுத நோய் நடந்து வரும். இது பஸ் புடிச்சு வந்திருக்கு.”

கையுறை மாட்டிக்கொண்டு கிட்டப் போனார். வெறிநோய்ச் சந்தேகம் தீரும் வரை எனக்கும் கையுறை. “கணபதி, வாய்க்குள்ள கைய விட்டியளா?” என்றார். கணபதி எண்ணெய் ஊறிய தன் வலது கையைப் பார்த்தார். அதுதான் பதில். “மொதல்ல பெரியாஸ்பத்திரிக்குப் போய் விவரத்தச் சொல்லி ஊசி போட்டுக்கிடுங்க. மாட்டுக்கு என்னன்னு அப்புறம் பேசுவோம்” என்று அவரை அனுப்பிவிட்டுத்தான் மேலே தொட்டார். ஒரு வாளி தண்ணீரை வாயருகே கொண்டுபோய் வைக்கச் சொன்னார். உதட்டில் தண்ணீர் பட்டதும் குழலி மடக் மடக்கென்று குடித்தது. விழுங்க முடிகிறது; வெறிநோய் என்றால் பெரும்பாலும் தொண்டையில் இறங்காது. டாக்டரம்மா முகத்தில் ஒரு சுருக்கம் குறைந்தது.

பிறகு குழலியின் கண்ணுக்கு நேரே, காற்றுப் படாமல், விரலை விரைவாகக் கொண்டுபோனார். இமை அசையவில்லை. மறு கண்ணிலும் அப்படியே. டார்ச் அடித்தார். கண்பாப்பா சுருங்கியது.

“கண்ணுல கோளாறு இல்ல. மூளைக்குப் பாக்கத் தெரியல. பயந்து ஓடையத் தாண்டாம நிக்கல அண்ணாச்சி. ஓடை எங்கன இருக்குன்னே அதுக்குத் தெரியல. கண்ணு தெரியாதவளக் குடைய விரிச்சுப் பயங்காட்டினா துள்ளத்தானே செய்வா.”

அடுத்து சாணம். குச்சியால் கிளறிப் பார்க்கச் சொன்னார். புளித்த வாடை. முழுசு முழுசாய்ச் சோற்றுப் பருக்கை. கூடவே மினுமினுவென்று முந்திரிப் பருப்பு. திராட்சையும் இருந்தது. எங்கள் வீட்டுப் பொங்கலில்கூட அவ்வளவு முந்திரி இருந்ததில்லை.

“என்னம்மா தீனி போடுதிய?” என்றார் டாக்டரம்மா.

“வைக்கோலு, புல்லு, கொஞ்சம் புண்ணாக்கு.”

“முந்திரி?”

பேச்சி கொட்டித் தீர்த்தாள்.

“நான் எங்கன போட்டேன்? குளிச்சுட்டு வாரவுகல்லாம் கோமாதாங்காவ. காலைல சீப்பு சீப்பா வாழைப்பழம். கோயிலுக்குப் போய்ட்டு வந்து சக்கரைப் பொங்கல். யாரோ சோசியக்காரன் தோசம் போவும்னு சொல்லிருக்கானாம், அதுக்கு வெல்லமும் பச்சரிசியும். பொழுது சாஞ்சா புரோட்டா. வேண்டாம்னு சொன்னா, பசுவுக்குக் குடுக்கதத் தடுக்குதியே, நீ வெளங்குவியான்னு கேக்காவ. நான் யாருகிட்டன்னு சண்ட போட? இவரு லாட்ஜு மிச்சச் சோறு முழுக்க எங்க தொட்டியிலதான விழுது.”

எல்லோரும் மேனேஜரைப் பார்த்தார்கள். “வீணாப் போகக் கூடாதேன்னு...” என்றார் மேனேஜர்.

டாக்டரம்மா கோபப்படவில்லை. வகுப்பில் சொல்வது போலச் சொன்னார். சோறும் மாவும் சர்க்கரையுமாய் விழுந்தால் மாட்டு வயிறு புளித்துப் போகும். புல்லைச் செரிக்கிற நல்ல கிருமிகள் செத்துப் போகும். மூளைக்கு வேண்டிய பி ஒன் சத்து அற்றுப் போகும். மூளை வீங்கும். கண் போகும். அப்படியே விட்டால் உயிரும் போகும். “இப்பவும் நான் உறுதியாச் சொல்லல. இது அதுதானான்னு மருந்துதான் சொல்லும். ஊசிக்குக் கேட்டுச்சுன்னா பொழைச்சா. கேக்கலன்னா...” என்று நிறுத்திப் பேச்சியைப் பார்த்தார். “பொய் சொல்ல மாட்டேம்மா. செத்துப்போச்சுன்னா தலைய எடுத்துத்தான் ஆகணும். கணபதி வாய்க்குள்ள கைய விட்டிருக்காரு. வெறிநோயான்னு தெரிஞ்சாகணும்.”

பேச்சி குழலியின் கழுத்துக் கயிற்றை இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.

நான் தலையைப் பிடிக்க, டாக்டரம்மா கழுத்து ரத்தக்குழாயில் பி ஒன் மருந்தை மெதுவாக ஏற்றினார். ஏறுகிற நேரமெல்லாம் நான் சஷ்டிக் கவசத்தை வாய்க்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் உதடும் அசைந்தது. சோடா உப்புக் கரைத்துப் புகட்டினோம். வைக்கோலைத் தவிர ஒரு பருக்கை வாயில் படக் கூடாது என்றார். ஊசியை வேளை தவறாமல் திரும்பத் திரும்பப் போட நான் அங்கேயே தங்கிக்கொண்டேன். கத்தி ஆஸ்பத்திரிப் பெட்டியில் இருந்தது. அதை நினைக்காமல் இருக்க முயன்றேன். நினைத்துக்கொண்டே இருந்தேன்.

மறுநாள் நடுக்கம் அடங்கியது. சுவரில் முட்டுவதை நிறுத்தியது. வைக்கோலைச் சீண்டிப் பார்த்தது. மதியத்துக்கு மேல் அசைபோட ஆரம்பித்தது. மாடு அசைபோடுவதை உட்கார்ந்து வேடிக்கை பார்த்து அழுத அரசு ஊழியர் நான் ஒருவனாகத்தான் இருக்கும். பார்வை மட்டும் வரவில்லை. தினமும் பேச்சி விரலைக் கொண்டுபோவாள், இமை அசையாது, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போவாள். பிறகு ஒரு நாள் காலையில், வழக்கம்போல் நம்பிக்கை இல்லாமல் அவள் விரலை நீட்டியபோது குழலி கண்ணைச் சிமிட்டியது.

“அண்ணாச்சி” என்று மட்டும் சொன்னாள். நான் பொட்டலத்தைப் பிரித்துக் குழலி நெற்றியில் விபூதி பூசினேன். பூசிவிட்டுப் பேச்சியைப் பார்த்தேன். “இப்பப் பூசுங்க, நல்லாப் பூசுங்க” என்றாள்.

கதை இதோடு முடிந்திருந்தால் நம் ஜனங்களை நான் குறைத்து மதிப்பிட்டவன் ஆவேன். குற்றாலத்தில் பைத்தியப் பசு நோயை ஜெயித்த பசு இருக்கிறது என்று செய்தி பரவியது. அதை முதலில் பரப்பியவர் கன்ஃபார்ம் மேனேஜர். போன பார்வை திரும்பிய பசு, பெயரும் அம்மன் பெயர், கேட்க வேண்டுமா? முன்பு பொங்கல் தட்டோடு வந்தவர்கள் இப்போது பொங்கல் அண்டாவோடு வந்தார்கள். டாக்டரம்மா ஒரு தகரப் பலகையில் ‘பசுவுக்கு உணவு கொடுக்காதீர்கள்’ என்று எழுதி மாட்ட வைத்தார். அடுத்த முறை போனபோது பலகைக்குச் சந்தனம், குங்குமம், செவ்வந்தி மாலை. அதன் அடியில் ஒருவர் வாழைப்பழச் சீப்பை வைத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தார்.

“நல்ல எழுத்து” என்றார் டாக்டரம்மா. அதற்கு மேல் அவருக்கே ஒன்றும் தோன்றவில்லை.

தோன்றியது பேச்சிக்குத்தான். ஆடி அமாவாசைக் கூட்டம் வரப்போகிறது, இன்னொரு தடவை வயிறு புளித்தால் பிழைக்காது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். நாங்கள் கவலையோடு போய்ப் பார்த்தோம். குழலியின் கொம்பில் மஞ்சள் துணி. கழுத்தில் வேப்பிலை. சுற்றி நின்ற கூட்டம் ஓரடி தள்ளியே நின்றது. மதுரைப் பக்கத்து அம்மாள் ஒருத்தி பொங்கல் தட்டோடு முன்னால் வந்தாள். பேச்சி கையைக் காட்டித் தடுத்தாள்.

“குடுக்காதிய. அவா விரதம்.”

“விரதமா? என்னைக்கு முடியும்?”

“அம்மை உத்தரவு வரணும்லா. பாதில விரதத்தக் கலைச்சா அந்தப் பாவம் யாருக்குன்னு நான் சொல்ல மாட்டேன்.”

அந்த அம்மாள் தட்டைப் பட்டென்று பின்னால் இழுத்துக்கொண்டாள். “வேற என்னதான் கொடுக்கலாம்?”

“பச்சப் புல்லு ஒரு கைப்பிடி. விரதத்துக்கு அதான் சாப்பாடு.”

பலகை சொல்லிக் கேட்காதவர்கள், டாக்டர் சொல்லிக் கேட்காதவர்கள், இப்போது கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் பின்னால் நகர்ந்தார்கள். அந்த அம்மாள் தன் வீட்டுக்காரரைப் பார்த்து, “வாயில்லா ஜீவன் விரதம் இருக்கு. உங்களுக்கு ஒரு வேளை டீ இல்லாம முடியலை” என்று இடித்துக்கொண்டே போனாள். டாக்டரம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு வெகு நேரம் சிரித்தார். “அண்ணாச்சி, பத்தியம்னு நான் எழுதுனா ஒருத்தரும் கேக்கதில்ல. இனிமே சீட்டுல விரதம்னே எழுதிருவோம்” என்றார்.

அறிகுறி கேட்ட பிள்ளைகளுக்கு நான் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். அந்த நோயைத் தேடுவதை விட்டுவிடாதீர்கள். தொடும் முன் தள்ளி நின்று பாருங்கள். நடந்து வந்ததா, பஸ் பிடித்து வந்ததா என்று கேளுங்கள். சாணத்தைக் கிளறாமல் யாருக்கும் வீடியோ அனுப்பாதீர்கள்.

நானும் வருஷக்கணக்காகச் சஷ்டி விரதம் இருக்கிறேன். சர்க்கரை குறையவில்லை. மகளுக்குக் கேட்ட வேலை மாற்றலும் வரவில்லை. முருகன் கணக்கு வேறு, அதில் நான் தலையிடுவதில்லை. ஆனால் விரதம் இருந்து பலன் கிடைத்ததை நான் கண்ணால் பார்த்தது குழலி ஒருத்தியிடம்தான். தான் விரதம் இருப்பது அவளுக்குத்தான் தெரியாது.